மாற்று வழி: நூலகம் பக்கம்

தங்கை தடுக்கி விழப்போன அந்த நொடியில் ஆர்கிடெக்ட் ஜன்னலைத் திறந்து, "ஏய், பாத்து!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை. அவர் போடவில்லை. ஓரக்கண்ணில் குடை ஆடியது தெரிந்ததும் சட்டென்று குனிந்து, வரைபலகைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். விழுந்த சத்தம் வரவில்லை. குடையைத் தரையில் ஊன்றும் சத்தம் வந்தது. பிறகு செருப்புச் சத்தம், கொஞ்சம் இழுத்து இழுத்து, தெருக்கோடியை நோக்கிப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து மனைவி டீயோடு உள்ளே வந்தாள்.

"கீழ என்ன தேடறீங்க?"

"பென்சில்."

"காதுல சொருகியிருக்கே, அதுவா?"

ஆர்கிடெக்ட் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே வந்தார்.

"உங்க தங்கச்சிதானே போனா? இடறிவிட்டுதா?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் கீழ இருந்தேனே."

"அந்த ஜன்னலுக்கு ஒரே ஒரு கொக்கிங்க. தூக்கிவிட்டா திறந்துக்கும்."

"முதல்ல அவ பேசட்டும்."

"அவ நடுரோட்டுல நின்னு மூடின ஜன்னலோட பேசணுமாக்கும்" என்று மனைவி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். ஆர்கிடெக்ட் டீயைக் குடித்தார். அது நாக்கைச் சுட்டது.

அவர் வீட்டின் முன்னறைதான் அவருடைய ஆபீஸ். கண்ணாடி ஜன்னலை ஒட்டி நடைபாதை, அதற்கு அப்பால் தெரு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் பல்கலைக்கழகத்தின் சுவர். அந்தச் சுவர் தெருவின் இந்தக் கோடியில் உள்ள மெயின் கேட்டில் ஆரம்பித்து, அந்தக் கோடி வரைக்கும் போய், திரும்பி, ஊரில் கால்வாசியைச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும். தங்கைக்கு வேலை அந்தச் சுவருக்கு உள்ளே, நூலகத்தில். வீடும் நூலகத்துக்கு நேர் பின்னால்தான், ஆனால் சுவருக்கு வெளியே, பின் தெருவில். நூலகத்தின் பின் ஜன்னலில் நின்று இருமினால் அவள் வீட்டில் கேட்கும். இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மெயின் கேட்டுக்கு வந்து, அண்ணனுடைய தெருவை முழுக்க நடந்து, திரும்பி, மறுபடி திரும்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் அவள் அவருடைய ஜன்னலைத் தாண்டித்தான் போவாள்.

அவள் நெருங்கும்போது ஆர்கிடெக்ட் தன் பென்சில் முனையை உற்றுப் பார்ப்பார். தாண்டிய பிறகு அவள் முதுகைப் பார்ப்பார். இப்படியே வருஷங்கள் போய், தங்கையின் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதுகு இளைத்துவிட்டது என்று மட்டும் தெரியும்.

சண்டை ஒரு ஜன்னலைப் பற்றியது. தங்கையின் வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தெருப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வேண்டும் என்று அவள் கேட்டாள். ஆர்கிடெக்ட் சுவர்களை நம்பும் மனிதர். "தெருவுல ஒண்ணும் இல்ல, புழுதிதான் இருக்கு. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, உத்தரத்துக்குக் கீழே புறா நுழையும் அளவுக்கு இரண்டு துவாரம் வைத்தார். குடிபோன அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அடுப்பில் என்னவோ தீய்ந்து, புகை வெளியேற வழியில்லாமல் கூடத்துக்கு வந்தது. எல்லாரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் எனக்கு வீடு கட்டல, டப்பா கட்டியிருக்கார். மூடியையும் மறக்காம போட்டிருக்கார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர்கூடச் சிரித்தார். அதுதான் ஆர்கிடெக்டுக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க கட்டின படிதானே? மிதிக்காம இருக்கறதுதான் படிக்கு நல்லது" என்றாள் அவள்.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய மனிதர் அவர். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள ராப்பகலாக ஆசைப்பட்டார். ஆனால் வார்த்தையை எடுத்துக்கொள்ளவும் வாயைத்தான் திறக்க வேண்டியிருந்தது. அவர்கள் அண்ணன் தங்கை என்பதே பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அவள் இடறிய மறுநாள்தான் ஆர்கிடெக்டுக்கு அந்த யோசனை வந்தது.

பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அப்போது வெளிநாடு போய்த் திரும்பியிருந்தார். போன இடத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுவரே இல்லையாம். ஊர் எங்கே முடிகிறது, படிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் அவர் நேராக ஒரு வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டாராம். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லையாம். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கியது. நம்முடைய சுவரையும் திறந்துவிட வேண்டும், ஊர் உள்ளே வர வேண்டும், படிப்பு வெளியே போக வேண்டும் என்று ஆர்கிடெக்டைக் கூப்பிட்டு அனுப்பினார். எதிர்வீட்டில் இருக்கிறார், கூப்பிட்ட குரலுக்கு வருவார் என்பது ஒன்றே அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம்.

கூட்டத்தில் எதிர்ப்புச் சொன்னவர் மேஜர். காவல் பிரிவின் தலைவர். ராணுவத்தை அவர் டிவியில்தான் பார்த்திருக்கிறார். மேஜர் என்பது மீசைக்காகக் கிடைத்த பதவி.

"சுவர் இருந்தாத்தான் சார் கேட்டுக்கு மரியாதை" என்றார் மேஜர். "கேட்டுக்கு மரியாதை இருந்தாத்தான் எனக்கு மரியாதை."

ஆர்கிடெக்ட் எழுந்தார். ஆயுள் முழுக்கச் சுவர் கட்டியவர் சுவருக்கு எதிராகப் பேச ஆரம்பித்தார்.

"லைப்ரரியில வேலை பாக்கற ஒருத்தங்களை எடுத்துக்குங்க. வீடு சுவருக்கு அந்தப் பக்கம். இருமினா வீட்டுல கேக்கும். ஆனா வீட்டுக்குப் போகணும்னா ஊரையே சுத்தணும். குண்டும் குழியுமா ஒரு நடைபாதை. முட்டி வலி வேற. சாயங்காலம் ஆனா குடையை ஊனிக்கிட்டு, தனியா, தினமும்…"

பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"யாரு அது?" என்றார் பதிவாளர்.

"பொதுவா சொன்னேன்."

"பொதுவாவே முட்டி வலியா?"

துணைவேந்தருக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது. நூலகத்துக்குப் பின்னால் முதல் வாசலைத் திறப்பது என்று முடிவாயிற்று.

ஆர்கிடெக்ட் மனக்கணக்கு இதுதான். இனி தங்கை சுற்ற வேண்டாம். படியிறங்கித் தெருவைக் கடந்தால் வீடு. யார் போட்ட வழி என்று யாராவது அவளுக்குச் சொல்வார்கள். அவள் ஒருநாள் வந்து, "எதுக்குண்ணா இதெல்லாம்?" என்பாள். இவர், "சும்மாதான்" என்பார். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலும் வராமல் காரியம் முடிந்துவிடும்.

பின்சுவரை ஒரு லாரி திரும்பும் அகலத்துக்கு இடித்தார்கள். அகலமான தாழ்ந்த படிகள், இருபுறமும் கல் பெஞ்சு, நிழலுக்கு மரம், விளக்கு. திறப்பு விழாவில் ரிப்பன் கட்டத்தான் இடமில்லை. சுவரைத்தான் இடித்தாயிற்றே! பதிவாளரும் மேஜரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணைவேந்தர் வெட்டினார். மேஜர் தன் பாதி ரிப்பனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆர்கிடெக்ட் ஜன்னலருகே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கை வராமல் இருப்பதற்காகக் காத்திருந்தார்.

அவள் வந்தாள். அதே குடை, அதே நடை. இவர் பென்சிலைப் பார்த்தார். அவள் போனாள்.

"வழி திறந்தது தெரியாதோ என்னவோ" என்றாள் மனைவி.

"அவ வீட்டு வாசலுக்கு எதிர்ல பேண்டு வாசிச்சிருக்காங்க. எப்படித் தெரியாம போகும்?"

இரண்டு நாளில் தங்கையின் புருஷன் வந்தார். கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே தகவல் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவருக்கு இன்னொரு தொழில் ஆகியிருந்தது.

"மச்சான், உங்க தங்கச்சி சொல்லச் சொன்னா."

"உங்க பொண்டாட்டின்னு சொல்லக் கூடாதா மாப்பிள்ளை?"

"இந்த விஷயத்துல அவ உங்க தங்கச்சிதான். பல்கலைக்கழகம் மொத்தமும் அந்த வழியா பைக்குல வருது. வந்து எங்க வாசல்ல நிறுத்துது. காலையில நான் கடைக்குப் போகணும்னா முதல்ல வண்டி நகத்தணும்."

"சரி, அவ ஏன் அந்த வழியா வரல?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லச் சொல்லல."

ஆர்கிடெக்டுக்கு விளங்கிவிட்டது. பைக்குதான் காரணம்! பாவம், முட்டி வலிக்காரி, படியில் பைக் சீறிக்கொண்டு வந்தால் எப்படி இறங்குவாள்? வழியை மறித்து இடுப்புயரத்துக்கு இரும்புத் தூண்கள் நட்டார்.

பைக்குகள் உள்ளே போகவில்லை. போகாததால் எல்லாம் வெளியேயே நின்றன. தங்கை வீட்டு கேட் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. உள்ளேயிருந்து வந்த கணிதப் பேராசிரியரின் சக்கர நாற்காலி இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. குனிந்து இடைவெளியைக் கையால் அளந்தார்.

"ரெண்டு விரல்கடை கம்மியா இருக்கு. சுவர் இருந்தப்ப எல்லாருமே சுத்தினோம், எனக்கு வருத்தமில்ல. இப்ப நான் மட்டும் சுத்தணும். யாருக்காக சார் திறந்தீங்க?"

ஆர்கிடெக்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையான பதிலைச் சொல்ல முடியாது. மறுநாளே பாதித் தூண்களைப் பிடுங்கி, படிக்குப் பக்கத்தில் அருமையான சரிவுப்பாதை ஒன்று போட்டார்.

சரிவு கொஞ்சம் அதிகமாகவே அருமையாக அமைந்துவிட்டது. ஒரு பழவண்டிக்காரர் வந்து நிறுத்திப் பார்த்தார். வண்டி உருளவில்லை, முதுகும் வலிக்கவில்லை. "இத்தனை வருஷத்துல எனக்குன்னு யாரும் இப்படி ஒரு இடம் கட்டினதில்ல சார்" என்று ஆர்கிடெக்டின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரை எப்படிப் போகச் சொல்வது? வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கூட்டத்தைச் சுற்றிப் பழத்தோல் விழுந்தது. சக்கர நாற்காலிக்காரர் மறுபடி மெயின் கேட் வழியாகப் போனார்.

தங்கையும்தான். சாயங்காலம் ஆனால் ஜன்னலுக்கு வெளியே குடை தெரிந்தது.

"தோல் வழுக்கிடும்னு பயப்படறா" என்றார் ஆர்கிடெக்ட்.

"கேட்டீங்களா?"

"கேக்கணுமா? எனக்குத் தெரியும்."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது மேஜர் உதவிக்கு வந்தார். திறந்த வாசலின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்தினார். காவலாளி ஒவ்வொருவரையும் விசாரித்தார்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பலரிடம் நல்ல பதில் இல்லை. வரிசை நூலகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. சுவர் இருந்த காலத்தில் சுற்றிப் போனால் இதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் துணைவேந்தரே தன் கனவு நனவானதைப் பார்க்கத் தெருப்பக்கமிருந்து நடந்து வந்தார்.

"யாரைப் பாக்கணும்?" என்றார் காவலாளி.

"நான்தான்யா துணைவேந்தர்."

"அவர் வெளிய போயிருக்கார். அப்புறம் வாங்க."

கயிறு அன்றைக்கே அவிழ்க்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகுதான் ஆர்கிடெக்ட் செய்யவேண்டியதைச் செய்தார். வரைபலகையை விட்டுவிட்டுப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தார். நாள் கணக்காக உட்கார்ந்தார். ஜனங்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த நிழலில் ஒதுங்குகிறார்கள் என்று பார்த்தார். பைக்குகளுக்கு உள்ளே ஒரு கொட்டகை போட்டார். பழவண்டிக்கு மரத்தடியில் ஒரு மூலை கொடுத்தார். யாரும் உட்காராத பெஞ்சைப் பெயர்த்து, எல்லாரும் நின்றுகொண்டிருந்த இடத்தில் போட்டார். சரிவுப்பாதை பேராசிரியருக்குக் கிடைத்தது. பின் தெருக்காரர்கள் சாயங்காலம் வந்து நூலகத்தில் பேப்பர் படித்தார்கள். மாணவர்கள் பின் தெருவில் காய்கறி வாங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல வாசல். ஊரில் அந்த வழியாகப் போகாதவர்கள் யாரும் இல்லை.

ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் ஆர்கிடெக்ட் ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தாள்.

ஆர்கிடெக்டுக்கு அப்போதுதான் நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று.

"இப்ப பைக் இல்ல, தோல் இல்ல, கயிறு இல்ல" என்றார் மனைவியிடம். "அண்ணன் கட்டின படியில கால் வைக்கக் கூடாதுன்னு வைராக்கியம். முட்டி தேஞ்சாலும் பரவாயில்ல, வீம்புதான் பெருசு. நான் போட்ட வழி அவளுக்கு வேண்டாம்."

"அது வீம்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் வளத்த பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

"ஜன்னலைத் திறந்து கேட்டா தெரிஞ்சுடும்."

"அவளே அந்த வழியா போற மாதிரி பண்ணிக் காட்டறேன் பாரு. ஒருதரம் போயிட்டா சுகம் தெரிஞ்சுடும். அப்புறம் அவளே வருவா, பேசுவா."

பண்ணிக் காட்டினார். தெருவின் நடைபாதையையும் அகலப்படுத்த வேண்டும், ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கால்நடையாகப் போகிறவர்கள் கௌரவமாகப் போக வேண்டும் என்று துணைவேந்தரிடம் சொல்லி, நகராட்சியையும் சம்மதிக்கவைத்தார். தன் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் இருந்த நடைபாதையைத்தான் முதலில் தோண்டச் சொன்னார். மேஸ்திரி போர்டு எழுத ஆள் தேடினார். "நானே எழுதறேன்" என்று ஆர்கிடெக்ட் பிரஷ்ஷை வாங்கினார். அவர் எழுத்து அச்சுப் போல இருக்கும். 'வேலை நடக்கிறது. இந்தப் பக்கம் வர வேண்டாம். மாற்று வழி: நூலகம் பக்கம்' என்று எழுதி, கீழே அழகாக ஓர் அம்புக்குறியும் போட்டார்.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். தோண்டிய மண்ணுக்கு முன்னால் நின்றாள். போர்டைப் படித்தாள். மூன்றே வரிதான், ஆனால் வெகுநேரம் படித்தாள். பிறகு நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஆர்கிடெக்ட் கையில் பென்சில் இல்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் குனிந்துவிட்டார். அவர் நிமிர்ந்தபோது அவள் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். குடையை ஊன்றவில்லை, கையில் பிடித்திருந்தாள்.

"பாத்தியா!" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டார். "போறா பாரு! லைப்ரரி பக்கம்தான் போறா!"

மனைவி எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ஆர்கிடெக்ட் சந்தோஷப்பட்டார். அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்றும் சந்தோஷப்பட முயற்சி செய்தார். நடைபாதை வேலை முடிந்தது. இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு சேர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம், அவ்வளவு சமம். போர்டை அவரே பிடுங்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டார். நடந்து வருகிறவர்கள் யாராவது உட்காரலாமே என்றார். யார் யாரோ வந்து அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருக்குத் தெரிந்த முதுகு மட்டும் வரவில்லை.

சாயங்காலம் என்பது இவ்வளவு நீளம் என்று அவருக்கு இதற்குமுன் தெரியாது. மனைவி ஒருநாள் கொக்கியைத் தூக்கி ஜன்னலைத் திறந்துவைத்தாள். கொசு வந்தது.

கண்ணாடிக் கடை மாப்பிள்ளை வந்தபோது ஆர்கிடெக்ட் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"அவ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. சீக்கிரம் வீட்டுக்கு வந்துடறா."

"வந்து?"

"வந்து சும்மா உக்காந்திருக்கா."

"முட்டி?"

"தேவலை மச்சான். ரெண்டு எட்டுல வீடு. வலிக்க என்ன இருக்கு?"

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த போர்டு எழுத்து உங்களுதுன்னு சொன்னா. ரொம்பத் தெளிவா இருந்துதுன்னு சொன்னா. அவ்வளவுதான்."

ஆர்கிடெக்டுக்கு முதலில் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை போன பிறகு அந்தப் பெருமை என்னவோ போல ஆகிவிட்டது. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நூலக வாசல் வரைக்கும் போனார். தங்கை வீட்டுக்கு நேர் எதிரே, தான் கட்டிய படியில் உட்கார்ந்தார். தெருவைக் கடந்தால் அவள் வாசல். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன படி அது. அவள் தற்செயலாக வெளியே பார்த்து, "என்னண்ணா அங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டால் போதும், எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அந்த வீட்டுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. வேண்டாம் என்று சொன்னவர் இதோ படியில் உட்கார்ந்திருக்கிறார். பழவண்டிக்காரர் ஒரு பழத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"கூப்பிட்டீங்களா?"

அவர் பழத்தை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு அவளைப் பாக்கணும் போல இருக்கு" என்றார். இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி அவர் தோளில் கையை வைத்தாள். "அவ சுகமா வீட்டுக்குப் போகணும்னுதான் எல்லாம் பண்ணேன். சுகமாத்தான் போறா. எனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு. தினமும் அந்த முதுகாவது இருந்துது."

அப்படியொரு சாயங்காலத்தில்தான் மேஜர் புது நடைபாதையைப் பார்வையிட வந்தார். குறுக்கிலும் நெடுக்கிலும் நடந்து பார்த்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். ஆர்கிடெக்ட் திறந்த ஜன்னல் வழியாகவே டீயை நீட்டினார். ஆள் யாராவது பேச்சுக்குக் கிடைத்தால் சரி என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

"பிரமாதம் சார்" என்றார் மேஜர். "நான் அன்னிக்கு எதிர்த்துப் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. இப்ப எல்லாரும் ஒழுங்கா படியில நடந்து போறாங்க. எனக்கு நிம்மதி."

"முன்ன மட்டும் என்ன? கேட் வழியாத்தானே போனாங்க?"

மேஜர் மீசையைத் தடவினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இனிமே சொன்னா என்ன சார்? சுவரையே இடிச்சாச்சு. லைப்ரரிக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் ரூமை ஒட்டி, சுவர்ல ஒரு பெரிய ஓட்டை. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே இருந்துது. ஒரு தகரத்தைச் சாத்தி வச்சிருப்போம். பின் தெருவுல வீடு இருக்கறவங்க எல்லாரும் அதுலதான் போவாங்க, வருவாங்க. நீங்க அளவெடுக்க வர்றீங்கன்னதும், என் வேலைக்கு ஆபத்து வந்துடும்னு அவசர அவசரமா செங்கல் வச்சுப் பூசிட்டேன்."

ஆர்கிடெக்ட் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"எல்லாருமேவா?"

"எல்லாரும்தான் சார், அந்தக் குடைக்கார லைப்ரரி அம்மா ஒருத்தங்களைத் தவிர. 'ஏம்மா முட்டி வலியோட சுத்தறீங்க, இதுல புகுந்து போங்களேன்'னு தகரத்தை நானே எத்தனை தரம் நகத்திக் காட்டியிருக்கேன். 'வேண்டாம்ங்க, முன் ரோட்டுல ஒருத்தர் முகத்தைப் பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு வீட்டுல சோறு இறங்கும்'னு சொல்லிட்டு, வேணும்னேதான் சார் அவ்வளவு தூரம் சுத்திப் போவாங்க."